அறுபது யூனிட்டின் கணக்கு: கலிஃபோர்னியாவில் இரண்டாண்டு வேளாண் வணிகப் படிப்பு காசுக்குத் தகுமா?

கலிஃபோர்னியாவில் குடியிருப்பவருக்குக் கம்யூனிட்டி காலேஜில், பாடங்களின் அளவைக் குறிக்கும் ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். 2012 முதல் மாறாத தொகை. வேளாண் வணிகத்தில் இரண்டாண்டுப் பட்டம் வாங்க 60 யூனிட் முடிக்க வேண்டும். பெருக்கினால் 2,760 டாலர். ரீட்லி, மொடெஸ்டோ, விசேலியா ஆகிய மூன்று ஊர்க் கல்லூரிகளிலும் இதே கணக்குதான். டிராக்டருக்குப் பின் டயர் ஒரு ஜோடி மாற்றுகிற காசுக்கு ஒரு பட்டம் கிடைக்கும்போது, தகுமா தகாதா என்று யோசிப்பதே வீண் என்று தோன்றும். ஆனால் இந்தப் படிப்பில் கட்டண ரசீதில் வராத செலவுதான் பெரிது.

தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்றால் குறுகிய காலத் தொழிற்பயிற்சி நினைவுக்கு வரும். அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜில் அதுவும் உண்டு. அதோடு நான்காண்டுப் பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுகளை அங்கேயே முடித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். வேளாண் வணிகப் படிப்பைப் பொறுத்தவரை லாபமும் நட்டமும் இந்த இரண்டு வழிகளில் எதில் போகிறோம் என்பதை ஒட்டியே அமைகின்றன.

விட்டுக்கொடுக்கும் சம்பளம்

2025இல் மாநிலக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர். உயர்நிலைப் பள்ளி முடித்த கையோடு பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியிடும் ஒரு பேக்கிங் ஹவுஸிலோ பால் பண்ணையிலோ முழுநேர வேலைக்குப் போனால் வருடத்துக்கு 2,080 மணி நேரம், 34,320 டாலர். கல்லூரியில் சேர்ந்த பிள்ளை, செமஸ்டர் நடக்கிற 34 வாரமும் வாரத்துக்கு 20 மணி நேரம், மீதி 18 வாரம் முழுநேரம் என்று உழைத்தால் 1,400 மணி நேரம், 23,100 டாலர். வருடத்துக்கு 11,220 டாலர் குறைகிறது. இரண்டு வருடத்துக்கு 22,440. கட்டணத்தைப் போல எட்டு மடங்கு.

இனி வரவுப் பக்கம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் 2024 கணக்குப்படி, 25 வயதைத் தாண்டிய முழுநேர ஊழியர்களில் பள்ளிப் படிப்போடு நின்றவருக்கு வாரத்துக்கு இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் கீழ்) 930 டாலர். கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்காமல் விட்டவருக்கு 1,020. இரண்டாண்டுப் பட்டத்துக்கு 1,099. நான்காண்டுப் பட்டத்துக்கு 1,543. எல்லாத் துறைகளையும் சேர்த்த எண்கள் இவை. வேளாண்மைக்கு மட்டும் உரியவை அல்ல. அதோடு, படிப்பால் மட்டுமே இந்த வித்தியாசம் வந்தது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. படிப்பை முடிக்கிற குணமும் குடும்பப் பின்புலமும் அதில் கலந்திருக்கின்றன. இருந்தாலும் அளவு பிடிபட உதவும். பள்ளிப் படிப்புக்கும் இரண்டாண்டுப் பட்டத்துக்கும் இடையே வாரம் 169 டாலர், வருடம் 8,788. விட்டுக்கொடுத்த சம்பளம், கட்டணம், புத்தகத்துக்கு ஒரு 2,000 என எல்லாம் சேர்த்து 27,200 டாலர் போட்டோம் என்று வைத்துக்கொண்டால், மூன்று வருடத்துக்குச் சற்று மேல் போட்டது திரும்பிவிடும்.

நான்காண்டுப் பட்டத்துக்கும் இரண்டாண்டுப் பட்டத்துக்கும் உள்ள இடைவெளி வாரம் 444 டாலர், வருடம் 23,088. ஏணியில் பெரிய படி மேலே இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜ் படிப்பின் பண மதிப்பில் பெரும்பங்கு, அந்தப் படிக்குக் குறைந்த செலவில் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இருக்கிறது.

ஒரே பெயரில் இரண்டு பட்டங்கள்

கல்லூரிப் பட்டியலில் வேளாண் வணிகம் என்ற பெயரில் இரண்டு பட்டங்கள் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும். ஒன்று அந்தக் கல்லூரியே வடிவமைத்த லோக்கல் பட்டம். மற்றது 2010இல் மாநிலச் சட்டசபை கொண்டுவந்த சட்டத்தின்படி உருவான டிரான்ஸ்ஃபர் பட்டம். இரண்டாவதை முடித்தவருக்குக் கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி என்ற கால் ஸ்டேட் அமைப்பில் மூன்றாம் ஆண்டு இடம் உறுதி. அங்கே இணையான பாடப் பிரிவில் இன்னும் 60 யூனிட்டுக்கு மேல் கேட்கவும் கூடாது. அந்த அமைப்பின் ஃப்ரெஸ்னோ, சிக்கோ வளாகங்களில் பலரும் இந்த வழியில்தான் வேளாண் வணிகத்துக்குள் நுழைகிறார்கள்.

பணமாகப் பார்த்தால், 2025–26இல் கால் ஸ்டேட்டின் வருடக் கட்டணம் 6,450 டாலர். வளாகக் கட்டணங்கள் தனி. முதல் இரண்டு ஆண்டையும் அங்கேயே படித்தால் 12,900. கம்யூனிட்டி காலேஜில் 2,760. மிச்சம் 10,140 டாலர். கால் ஸ்டேட் கட்டணம் 2024 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு வருடம் 6 சதவீதம் ஏறுவதாக முடிவாகியிருப்பதால் இந்த மிச்சம் இன்னும் கூடும். ஊரில் பெற்றோர் வீட்டிலேயே தங்கிப் படித்தால் வாடகையும் மிச்சம். பல குடும்பங்களுக்குக் கட்டணத்தைவிட அதுதான் பெரிய தொகை.

பலர் சறுக்குவது இங்கேதான். உறுதி தரப்படுவது அமைப்புக்குள் ஓர் இடத்துக்கு. விரும்பிய வளாகத்துக்கு அல்ல. சான் லூயிஸ் ஒபிஸ்போவில் உள்ள கால் ஸ்டேட் வளாகமான கால் பாலியில் வேளாண் வணிகத்துக்குப் போட்டி கடுமை. டிரான்ஸ்ஃபர் பட்டம் கையில் இருந்தும் இடம் கிடைக்காமல் போகலாம். யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா என்ற வேறோர் அமைப்பைச் சேர்ந்த யுசி டேவிஸில் மேனேஜீரியல் எகனாமிக்ஸ் என்ற நிர்வாகப் பொருளியல் படிக்க ஆசைப்படுகிறவருக்குக் கால்குலஸ் வேண்டும். டிரான்ஸ்ஃபர் பட்டத்துக்குப் புள்ளியியல் மட்டும் படித்துவிட்டு இரண்டாம் ஆண்டு இறுதியில் இதைத் தெரிந்துகொள்கிறவர் இன்னொரு வருடம் உட்கார வேண்டியிருக்கும். எந்த வளாகம் என்று முதல் செமஸ்டரிலேயே தீர்மானித்து, கவுன்சலரிடம் எழுத்துபூர்வமான பாடத்திட்டம் வாங்கிக்கொள்வது நல்லது. வாய்ச்சொல் போதாது, கவுன்சலர் மாறினால் சொன்னதும் மாறிவிடும்.

இரண்டாண்டோடு வேலைக்குப் போகத் தீர்மானித்தவருக்கு டிரான்ஸ்ஃபர் பட்டத்தைப் பரிந்துரைக்க எங்களுக்கு மனமில்லை. அதில் 34 யூனிட் வரை பொதுப் பாடங்களுக்கே போய்விடும். உரக்கடையிலோ டிராக்டர் விற்பனை நிலையத்திலோ வேலைக்கு எடுக்கிறவர் அவற்றைக் கேட்பதில்லை. வெல்டிங், நீர்ப்பாசனம், பூச்சிமருந்துப் பாதுகாப்பு, விற்பனை என்று கைக்கு வேலை தரும் பாடங்கள் லோக்கல் பட்டத்திலும் சான்றிதழ் படிப்பிலும்தான் கூடுதலாகக் கிடைக்கும். எதிர்த்திசையிலும் இதே கதைதான்: லோக்கல் பட்டத்துக்காகப் படித்த வெல்டிங் யூனிட்டுகள் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் கணக்கில் சேராது.

பன்னிரண்டா, பதினைந்தா

நிதியுதவிக் கணக்கில் முழுநேர மாணவர் என்றால் செமஸ்டருக்கு 12 யூனிட். நான்கு செமஸ்டருக்கு 12 எடுத்தால் 48தான் வரும். இரண்டாண்டில் 60 முடிக்க 15 வேண்டும். இந்தச் சின்னக் கூட்டலைச் சேர்க்கையின்போது யாரும் சொல்லாததால் ஐந்தாவது, ஆறாவது செமஸ்டர் வரை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். மேலே சொன்ன அதே வேலை நேரக் கணக்கில் ஒரு கூடுதல் செமஸ்டர் என்றால் 17 வாரம், வாரத்துக்கு 20 மணி நேரக் கூலி இழப்பு, 5,610 டாலர். முழுப் பட்டத்தின் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு ஒரே செமஸ்டரில் போகிறது.

வேளாண் பாடங்களில் இன்னொரு சிக்கல், வகுப்புகள் சிறியவை என்பதால் சில பாடங்கள் வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். வேளாண் கணக்கியல் வசந்த செமஸ்டரில் மட்டும் இருந்து, அதைத் தவறவிட்டால் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். சேரும்போதே முந்தைய இரண்டு வருட வகுப்பு அட்டவணையை எடுத்து, எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் நடந்தது என்று குறித்துக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

பண்ணை வீட்டுப் பிள்ளைகளுக்கு உள்ள இடைஞ்சல் தனி ரகம். பாதாம் மரங்களை உலுக்குவது ஆகஸ்டில் தொடங்கும். உலர் திராட்சைக்குப் பழம் அறுப்பது ஆகஸ்ட் இறுதியிலிருந்து செப்டம்பர் வரை. இலையுதிர் செமஸ்டர் தொடங்குவதும் ஆகஸ்ட் பாதியில். அப்பாவுக்குக் கை வேண்டும் என்று இரண்டு வாரம் வகுப்புக்குப் போகாமல் இருந்து, அப்படியே நின்றுவிடுகிறார்கள். அறுவடையை மாற்ற முடியாது. படிப்பின் வரிசையை மாற்றலாம். இலையுதிர் செமஸ்டரில் 12 யூனிட், அதில் ஒரு பாடம் அக்டோபரில் தொடங்கும் எட்டு வார வகுப்பாக இருக்கட்டும். வசந்தத்தில் 15. கோடையில் ஆன்லைனில் 3. வருடத்துக்கு 30 வந்துவிடும். தாமதமாகத் தொடங்கும் வகுப்புக்கு உரிய உதவித்தொகை அந்த வகுப்பு தொடங்கிய பிறகே கைக்கு வரும் என்பதை மட்டும் செலவுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உதவிப் பணமும் அதன் கண்ணிகளும்

மத்திய அரசின் கல்வி நிதியுதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பம் போட்டால், வருமானத்தைப் பொறுத்து பெல் கிராண்ட் என்ற கடனல்லாத உதவித்தொகை கிடைக்கும். 2025–26இல் உச்சத் தொகை 7,395 டாலர். வருடக் கட்டணமோ 1,380தான். அதையும் கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் என்ற மாநில உதவி தள்ளுபடி செய்துவிட்டால் பெல் பணம் முழுவதும் புத்தகம், பெட்ரோல், வீட்டுச் செலவுக்கு மாணவர் கைக்கே வரும். தகுதியுள்ள குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்த சம்பளத்தில் பாதிக்கு மேல் இதிலேயே ஈடாகிறது. கடன் வாங்காமல் இந்தப் பட்டத்தை முடிப்பது நடக்கக்கூடியது என்று துணிந்து சொல்லலாம்.

ஆனால் செமஸ்டரின் 60 சதவீதம் முடிவதற்குள், அதாவது 17 வார செமஸ்டரில் ஏறத்தாழ பதினோராம் வாரத்துக்கு முன், எல்லாப் பாடங்களையும் விட்டுவிட்டால் படிக்காத நாட்களுக்கு உரிய பெல் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். கட்டும்வரை அடுத்த பதிவு நின்றுவிடும். வேறு கல்லூரியிலும் மத்திய உதவி கிடைக்காது. முயன்ற யூனிட்டுகளில் மூன்றில் இரண்டு பங்கை முடிக்காவிட்டாலும், மதிப்பெண் சராசரி (4.0க்கு) 2.0க்குக் கீழே போனாலும் உதவி நிற்கும். அறுவடைக்காகச் செப்டம்பரில் நின்றுவிடுகிற பிள்ளை பெரும்பாலும் இந்த இரண்டிலும் ஒருசேர மாட்டிக்கொள்கிறது.

பெல் உதவிக்கு வாழ்நாள் வரம்பு 12 முழு செமஸ்டர். வரிச் சலுகையான அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட்டை ஒரு மாணவருக்கு நான்கு வரி ஆண்டுகளுக்கு மட்டுமே கோரலாம். உச்சம் வருடத்துக்கு 2,500 டாலர், முதல் 2,000 டாலர் செலவுக்கு முழுதும் அடுத்த 2,000க்கு கால் பங்கும். கட்டணம் தள்ளுபடியாகிப் புத்தகச் செலவு சில நூறு டாலரோடு நின்ற வருடத்தில் அதைக் கோரினால், பின்னால் கால் ஸ்டேட்டில் ஆறாயிரத்துக்கு மேல் கட்டுகிற வருடத்துக்கு வாய்ப்பு தீர்ந்துபோகலாம். நான்கு கல்வி ஆண்டுகள் ஐந்து வரி ஆண்டுகளைத் தொடும். எந்த நான்கைக் கோருவது என்று முதலிலேயே யோசித்து வைக்க வேண்டும். எல்லா வருடமும் புத்தக ரசீதுகளை எடுத்து வைக்கவும் வேண்டும்.

சிறு பண்ணைக் குடும்பங்களுக்கு ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. அதற்கு முன் விலக்கு பெற்றிருந்த, குடும்பம் குடியிருந்து நடத்தும் பண்ணையின் மதிப்பையும் 2024–25 ஃபாஃப்சாவிலிருந்து சொத்தாகச் சேர்த்துவிட்டார்கள். கணக்கில் லட்சாதிபதி, கையில் காசில்லை. நிலத்தை விற்றால்தான் காசு, விற்றுவிட்டால் பண்ணை ஏது? 2025 ஜூலையில் நிறைவேறிய மத்தியச் சட்டம் அந்த விலக்கைத் திரும்பக் கொடுத்தது. 2026–27 விண்ணப்பத்திலிருந்து அமல். நடுவில் உதவி மறுக்கப்பட்டவர்கள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். தங்களுக்குக் கிடைக்காது என்று ஒருமுறை முடிவு செய்துவிட்ட குடும்பங்களே இதைத் தவறவிடக்கூடும்.

பட்டம் எந்தக் கதவைத் திறக்கும்

கல்லூரிக் கண்காட்சிகளில் பண்ணை மேலாளருக்கு 87,980 டாலர் என்று ஒரு பலகை நிற்கும். 2024 மே மாதத்து இடைநிலைச் சம்பளம் அது, பொய்யில்லை. ஆனால் அதைக் கணக்கிட்ட தொழிலாளர் புள்ளியியல் அலுவலகமே அந்தத் தொழிலுக்குள் நுழைய வழக்கமாக வேண்டியது என்று சொல்வது உயர்நிலைப் பள்ளிப் படிப்பும் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட அனுபவமும். அந்தப் பணம் அனுபவத்துக்குக் கிடைப்பது. இருபது வயதில் பட்டத்தோடு வருகிறவருக்கு அந்த எண்ணைக் காட்டுவது சரியல்ல.

சம்பளத்தில் உடனே வித்தியாசம் காட்டுவது உரிமங்கள். கலிஃபோர்னியாவில் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆலோசகர் உரிமம் இல்லாமல் விவசாயிக்கு மருந்துப் பரிந்துரை எழுத முடியாது. அந்தத் தேர்வு எழுத நான்காண்டுப் பட்டம் ஒரு வழி. 60 செமஸ்டர் யூனிட்டோடு 24 மாதத் தொழில்நுட்ப அனுபவம் இன்னொரு வழி. இரண்டிலும் 42 யூனிட் அடிப்படைப் பாடங்களில் இருக்க வேண்டும்: வேதியியல் போன்ற இயற்பொருள் அறிவியல்கள், உயிரியல் சார்ந்த அறிவியல்கள், பயிர் நலம், பூச்சி மேலாண்மை, உற்பத்தி முறைகள். வேளாண் வணிக மாணவர் படிக்கும் கணக்கியலும் பொருளியலும் அதில் பெரும்பாலும் சேராது. பட்டம் வாங்கி, உரக் கம்பெனியில் விற்பனைக்குச் சேர்ந்த பிறகுதான் பக்கத்து மேசைக்காரருக்கு ஏன் தன்னைவிடச் சம்பளம் அதிகம் என்று புரியும். அப்போது மாலை வகுப்பில் வேதியியலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். விருப்பப் பாட இடங்களை மண்ணியல், தாவர அறிவியல், பூச்சியியல், வேதியியல் என்று நிரப்பிக்கொண்டவருக்கு இந்தக் கதவு பாதி திறந்தே இருக்கும்.

சர்ட்டிஃபைட் கிராப் அட்வைசர் என்ற பயிர் ஆலோசகர் சான்றிதழுக்கு இரண்டு தேர்வுகள். பட்டம் இல்லாதவருக்கு நான்காண்டு அனுபவம் வேண்டும். இரண்டாண்டு வேளாண் பட்டம் உள்ளவருக்கு மூன்று. நான்காண்டுப் பட்டத்துக்கு இரண்டு. இங்கே இரண்டாண்டுப் பட்டத்தின் விலை ஓராண்டு அனுபவம். பயிர்க் காப்பீட்டு முகவர் உரிமத்துக்குக் கல்லூரிப் பட்டமே தேவையில்லை. 26,001 பவுண்டோ அதற்கு மேலோ எடையுள்ள வண்டி ஓட்டும் வணிக ஓட்டுநர் உரிமம் உள்ளவரை உரக்கடையும் தானியக் கிடங்கும் போட்டி போட்டு எடுக்கும். சீசனில் லாரி ஓட்டவும் மற்ற மாதங்களில் மேசையில் உட்காரவும் ஒரே ஆள் கிடைக்கிறார் அல்லவா?

சம்பளக்காரராக, ஓவர்டைம் இல்லாமல் உதவி மேலாளர் வேலைக்குக் கூப்பிட்டால் ஓர் எண்ணை நினைவில் வைக்க வேண்டும். கலிஃபோர்னியா சட்டப்படி அப்படி வைத்துக்கொள்ள, குறைந்தபட்சக் கூலியைப் போல இரண்டு மடங்கு சம்பளம் கொடுக்க வேண்டும். 2025இல் வருடத்துக்கு 68,640 டாலர். அதற்குக் கீழே என்றால் பதவியின் பெயர் எதுவானாலும் கூடுதல் நேரத்துக்குக் கூலி உண்டு.

சொந்தத் தோட்டம் உள்ளவருக்கு

மேலே சொன்ன சம்பளப் பட்டியல்களில் வராத ஒரு கூட்டம், படித்துவிட்டு வீட்டுத் தோட்டத்துக்கே திரும்புகிற பிள்ளைகள். இவர்களுக்கு இந்தப் படிப்பின் மதிப்பு மிக அதிகம் என்பது எங்கள் எண்ணம்.

நாற்பது ஏக்கர் பாதாம் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 2,000 பவுண்டு பருப்பு என்றால் 80,000 பவுண்டு. விற்பனை விலையில் பவுண்டுக்கு ஐந்து சென்ட் கூடினால் 4,000 டாலர். இரண்டாண்டுக் கட்டணத்தைவிட அதிகம். தண்ணீர், தேனீப் பெட்டி வாடகை, உரம், மருந்து, உலுக்கிப் பொறுக்கும் கூலி, வட்டி எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 3,500 டாலர் கைச்செலவு என்று வைத்தால், பவுண்டுக்கு 1.75 டாலர் கிடைத்தால்தான் கையைக் கடிக்காது. 2014இல் விவசாயிக்குச் சராசரியாகக் கிடைத்தது பவுண்டுக்கு ஏறத்தாழ 4 டாலர். 2022 விளைச்சலுக்கு 1.40 வாக்கில். அந்த விலையில் இந்தத் தோட்டத்துக்கு வருடத்துக்கு 28,000 டாலர் நட்டம். மரம் எத்தனை வயது, இன்னும் எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கலாம், இப்போதே பிடுங்கிவிடலாமா என்று முடிவெடுக்க இந்த 1.75 என்ற எண் தெரிந்திருக்க வேண்டும். வேளாண் கணக்கியல் வகுப்பில் மூன்றாம் நான்காம் வாரத்தில் போடுகிற கணக்குதான் அது. தலைமுறையாகத் தோட்டம் நடத்துகிற பல வீடுகளில் அந்த எண் யாருக்கும் தெரியாது. வங்கி இருப்பு தெரியும், அவ்வளவுதான்.

வங்கி இருப்பு ஏமாற்றுவதற்கும் காரணம் உண்டு. அறுவடை ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. ஆலைக்காரர் பணத்தைத் தவணை தவணையாக அடுத்த வருடம் வரை கொடுப்பார். வரிக்காகப் பெரும்பாலான பண்ணைகள் பணம் கைக்கு வந்த நாளை வைத்துக் கணக்கு எழுதுகின்றன. நல்ல விலையில் விற்ற போன வருட விளைச்சலின் தவணைகள் விலை விழுந்த இந்த வருடத்தில் வந்து, நட்ட வருடம் லாப வருடம்போலத் தெரியும். அந்தத் தைரியத்தில் புது உலுக்கி இயந்திரத்துக்குக் கையெழுத்துப் போட்டால் அடுத்த வருடம் தெரியும் சங்கதி. வர வேண்டியதையும் தர வேண்டியதையும் விளைச்சல் வருடத்தோடு பொருத்தி எழுதும் கணக்கு முறையைக் கற்றவருக்கு அது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நிலம் வாங்க மத்திய வேளாண் துறையின் ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி நேரடியாகக் கொடுக்கும் கடனுக்கு, கடந்த பத்தாண்டில் மூன்றாண்டு பண்ணை நிர்வாக அனுபவம் வேண்டும். அதில் ஓராண்டுக்குப் பதிலாக வேளாண்மை சார்ந்த கல்லூரிப் படிப்பை ஏற்றுக்கொள்வார்கள். கடன் வாங்குகிறவர் முடிக்க வேண்டிய உற்பத்தி, நிதி நிர்வாகப் பயிற்சியிலும் படித்தவருக்கு விலக்கு கிடைக்க வழியுண்டு. மதிப்பெண் பட்டியலோடு பாட விவரத் தாள்களையும் பத்திரப்படுத்துவது அவசியம். பாடத்தின் பெயர் மட்டும் இருந்தால் கடன் அதிகாரிக்கு உள்ளே என்ன படித்தார் என்று விளங்காது.

வருமான எண்களைப் படிக்கும் விதம்

மத்தியக் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்ட் தளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் ஒவ்வொரு பாடத்துக்கும் முடித்தவர்களின் இடைநிலை வருமானத்தைப் பார்க்கலாம். மத்திய உதவி வாங்கிய மாணவர்கள் மட்டுமே அதில் அடக்கம். முடித்தவர்கள் சிலரே என்றால் எண் காட்டப்படாது. வேளாண் வணிகத்தில் அது அடிக்கடி நேரும். வருமானம் வரிப் பதிவுகளிலிருந்து எடுக்கப்படுவதால் தேய்மானமும் இயந்திரச் செலவும் கழித்துச் சொற்பமாகக் காட்டுகிற பண்ணைக்காரர் ஏழையாகத் தெரிவார். எண் குறைவு என்பதற்காகப் படிப்பை ஒதுக்குவதும், அதிகம் என்பதற்காகச் சேர்வதும் தவறு. அதே ஊரில் அதே வேலைக்கு எடுக்கும் மூன்று நிறுவனங்களிடம் கேட்டறிவது இதைவிட நம்பகமானது.

இந்தியாவிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வர நினைப்பவருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. வெளியாருக்குக் கட்டணம் யூனிட்டுக்குப் பல நூறு டாலர். 300 என்று வைத்தாலே 60 யூனிட்டுக்கு 18,000. பெல் கிடையாது, தள்ளுபடி கிடையாது, வளாகத்துக்கு வெளியே இஷ்டப்படி வேலை செய்யவும் முடியாது. அங்கேயே குடியுரிமையோ கிரீன் கார்டோ பெற்று, மாநில வாசியாகப் பதிவான தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மற்றவர்களைப் போலவே 46 டாலர்தான்.

கடைசியாகத் தண்ணீர். 2014இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டத்தின்படி, கடுமையாக உறிஞ்சப்பட்ட வடிநிலங்கள் 2040க்குள் சமநிலைக்கு வர வேண்டும். சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் குறைந்தது 5 லட்சம் ஏக்கர் பாசன நிலம் சாகுபடியிலிருந்து விலக நேரும் என்று கலிஃபோர்னியா பொதுக் கொள்கை நிறுவனம் கணித்திருக்கிறது. இன்று பதினெட்டு வயதில் சேர்கிற பிள்ளை அப்போது முப்பதுகளின் தொடக்கத்தில் இருக்கும். ஏக்கர் குறைந்தால் உரம் விற்கவும் மருந்து எழுதவும் ஆள் குறைவாகத்தான் வேண்டும். ஒவ்வொரு ஏக்கர்-அடித் தண்ணீருக்கும் (ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் அளவு) கணக்கு எழுத ஆள் கூடுதலாக வேண்டும். பாசன மாவட்டங்களிலும் நிலத்தடி நீர் நிர்வாக அமைப்புகளிலும் பம்புமானி அளவுகளையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைகள் இப்போதே இருக்கின்றன. அறுபது யூனிட்டில் விருப்பப் பாடத்துக்கென்று மிஞ்சுவது இரண்டு மூன்று இடங்கள்தான். அவற்றில் ஒன்று பாசனத்துக்கும் இன்னொன்று ஜிஐஎஸ் என்ற வரைபடப் பாடத்துக்கும் போகட்டும்.